தறி வீட்டுத் தூளியும் வாசல் தேடி வரும் மருத்துவமாதுவும்

சவலை என்று ஒரு சொல் நம் மொழியில் உண்டு. மடியிலுள்ள குழந்தை பால்குடி மறவாத பருவத்திலேயே தாய் மறுபடியும் கர்ப்பமுற, அதனால் பால் வற்றியோ, வீட்டார் அவசரமாகப் பால் மறக்கடித்தோ, தேகம் மெலிந்து, முகம் வாடி, எதற்கெடுத்தாலும் சிணுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையை நம்மவர்கள் சவலைப் பிள்ளை என்றார்கள். ஆப்பிரிக்காவின் பொன்முனைக் கடற்கரையில், இன்று கானா என்று வழங்கும் நாட்டில், குழந்தை வைத்தியம் செய்துவந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், 1930களில், புரதக் குறைவால் உடல் வீங்கி நலிந்த குழந்தைகளைக் கண்டு, அந்த நோய்க்கு அவ்வூர் ஜனங்களே வழங்கிய குவாஷியார்க்கர் என்ற பெயரை மருத்துவ உலகத்துக்கு அறிமுகம் செய்தார். அடுத்த குழந்தை வந்ததனால் தாய்மடியை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்தச் சொல்லின் தாத்பரியம். ஒன்றையொன்று அறியாத இரண்டு தேசங்கள் ஒரே துயரத்துக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருந்தன என்பதை நினைக்கும்போது, பிள்ளைப்பேறுகளுக்கு இடையே காலம் விடுவதென்பது மேனாட்டார் வந்து கற்பித்த பாடம் என்று சொல்லுகிறவர்களுடைய பேச்சில் எனக்கு நம்பிக்கை பிறப்பதில்லை.

அந்த இடைவெளிக்கு உபாயம் எது என்று கேட்டால், நம் பாட்டிமார்கள் சவலைப் பிள்ளை இழந்த அதே தாய்ப்பாலைத்தான் காட்டுவார்கள். "பால் குடிக்கிற மட்டும் தங்காது" என்பது வட தமிழ்நாட்டு நெசவூரான ஆரணியிலும் கேட்கும் வாக்கு. சிறு உச்சரிப்பு பேதத்தோடு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கேட்கும் வாக்கு. இது பொய்யன்று, ஆனால் முழு மெய்யுமன்று. அரை மெய்யை முழு மெய்யென்று நம்பியதனால்தான் பதினைந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று உடல் தளர்ந்துபோன பெண்கள் நம் ஒவ்வொருவர் உறவிலும் இருக்கிறார்கள். அந்த மெய்யின் எல்லை எது, அந்த எல்லையைத் தாய்க்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை இலங்கையும் இந்தியாவும் எவ்வாறு ஏற்றுக்கொண்டன என்பதை ஆரணியை மனத்தில் வைத்து ஆராய்வதே என் நோக்கம்.

முதலில் இயற்கையின் ஏற்பாட்டைச் சொல்லவேண்டும். சிசு முலைக்காம்பைச் சப்பும்போது எழும் உணர்வு நரம்பு வழியே மூளையின் அடிப்பகுதியை எட்டுகிறது. அங்கிருந்து புரோலாக்டின் என்னும் சுரப்பு பெருகிப் பாலை உண்டாக்குகிறது. அதே வேளையில், கருமுட்டையை முதிர்வித்து வெளிவிடும் சுரப்புகளுடைய தாளம் கலைந்துபோகிறது. முட்டை வெளிப்படாதபோது மாதவிலக்கும் இல்லை, கர்ப்பமும் இல்லை. குழந்தை எவ்வளவு அடிக்கடி சப்புகிறதோ, முக்கியமாக இரவில் எத்தனை முறை சப்புகிறதோ, அவ்வளவுக்கு இந்தக் காவல் உறுதிப்படும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழுந்தால் காவல் தளரத் தொடங்கும். 1988ஆம் ஆண்டு இத்தாலி தேசத்துப் பெல்லாஜியோ என்ற ஊரில் கூடிய விஞ்ஞானிகள், பல நாட்டு ஆய்வுகளை ஒப்புநோக்கி, பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பாமலும், குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறு ஆகாரம் அநேகமாக எதுவும் கொடாமலும், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமலும் இருக்குமானால், அந்தத் தாய்க்குக் கர்ப்பத்திலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் பாதுகாப்பு உண்டு என்று தீர்மானித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் பின்னர் ஏழு நாடுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. அந்த ஏழு இடங்களில் நம் புதுடில்லியும் ஒன்று. பிரசவத்தை அடுத்த 56 நாட்களுக்குள் காணும் உதிரத்தை மாதவிலக்கென்று எண்ண வேண்டியதில்லை. அதற்குப் பின் கண்டால், குழந்தைக்கு இரண்டரை மாதமேயானாலும், அந்தக் காவல் முடிந்தது என்று கொள்ளவேண்டும்.

மூன்று நிபந்தனைகளுள் ஒன்று தவறினாலும் வேறு பாதுகாப்பைத் தேடவேண்டும் என்பதே, பாலூட்டலையே கருத்தடையாகக் கொள்ளும் இம்முறையின் உயிர்நாடி. பாட்டிமார்களின் வாக்கில் விடுபட்டுப்போனது இதுதான். அதிலும் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. கர்ப்பிணியை "முழுகாமல் இருக்கிறாள்" என்று இரு நாட்டுத் தமிழரும் சொல்லுகிறோம். மாதவிலக்கு கண்டு தலைமுழுகாததே கர்ப்பத்துக்கு அடையாளம் என்பது அந்த வழக்கின் பொருள். பால்கொடுக்கிறவளோ ஏற்கெனவே பல மாதங்களாக முழுகாமல்தான் இருக்கிறாள். முதல் மாதவிலக்குக்குப் பதினான்கு நாள் முன்னதாகவே முட்டை வெளிப்பட்டுவிடக்கூடும். ஆறு மாதத்துக்குப் பிறகு அவ்வாறு நேர்வது அதிகரிக்கும். அப்போது ஒருமுறைகூட விலக்காகாமலே அவள் மறுபடியும் கர்ப்பவதியாகி, வயிறு தெரிகிற வரை அதை அறியாமலே இருந்துவிடுவாள். நம் மொழியின் அந்த அடையாளம் பால் கொடுக்கும் பெண்ணிடத்தில் மட்டும் செல்லாமல் போகிறது.

இனி ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில், அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தறி என்பது வீட்டின் ஓர் அங்கம். கூடத்தில் குழி தோண்டித் தறி அமைத்து, ஆண் பெண் இருபாலாரும் அதில் அமர்ந்து நெய்கிறார்கள். ஊடைக்கு வேண்டிய தாரை ராட்டையில் சுற்றுவதும், அறுந்த பாவு இழையை முடிச்சிட்டுச் சேர்ப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. வீட்டு உத்தரத்தில் தூளி கட்டித் தறிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, அது அழுதால் ஆட்டிவிட்டு, மீண்டும் அழுதால் நாடாவை நிறுத்தித் தூக்கிப் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் தறிக்குழியில் இறங்குகிற தாய்க்கு, அடிக்கடி பாலூட்டு என்று யாரும் புத்தி சொல்லவேண்டியதில்லை. தொழிலையும் தாய்மையையும் பிரிக்காத வீடு அது. சுவபாவமாகவே இந்த முறைக்கு ஏற்ற நிலம் ஒன்று உண்டென்றால் அது இப்படிப்பட்ட வீடுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த வீட்டிலேயே காவலைக் குலைக்கும் காரியங்களும் நடக்கின்றன. பிறந்தவுடன் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும், வசம்பும் மாசிக்காயும் இழைத்து உரைமருந்து ஊற்றுவதும், தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறவனிடம் ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கிப் புகட்டுவதும் வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் புதியவை அல்ல. தறியில் அமர்ந்த தாய்க்குக் கூலி நின்றுவிடக்கூடாதே என்ற கவலையில், நான்காம் மாதத்திலேயே மாமியார் ராகிக் கூழோ புட்டிப்பாலோ கொடுத்துக் குழந்தையைத் தூங்கவைப்பதும் உண்டு. ஒரு துளி மருந்து தொட்டு வைத்ததனால் மட்டும் முட்டை வெளிப்பட்டுவிடாது. வயிறு நிறைந்த குழந்தை சப்பாமல் தூங்கும் அந்த மணிநேரங்களே கணக்கைக் கெடுக்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் ஒன்றையே உண்டவர்கள் நூற்றுக்கு 55 பேர்; இந்தியா முழுமைக்கும் அந்த எண் ஏறத்தாழ 64. ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் தேசத்துக்கே முன்னோடியான ஒரு மாநிலம், ஆஸ்பத்திரியை விட்டு வீடு திரும்பிய தாயின் மடியில் தேச சராசரிக்கும் கீழே நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கடல் கடந்து பார்ப்போம். இலங்கையில் 2016ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் அதே கணக்கு 82. தாய்ப்பாலைப் பேணும் கொள்கையிலும் நடைமுறையிலும் உலகின் 97 நாடுகளை ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட வரிசையில் முதலிடம் பெற்றதும் அந்தச் சிறு தீவுதான். உணவுப் பழக்கத்தைக் கொண்டு இதற்குக் காரணம் சொல்ல இயலாது. யாழ்ப்பாணத்தில் பத்தியக்கறியும் சுறா வறையும் ஆக்கிக் கொடுத்தால், இங்கே பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் கொடுக்கிறோம். பச்சை உடம்புக்காரியைப் போஷிக்கும் அன்பில் இரு கரைக்கும் பேதமில்லை. பேதம் வேறிடத்தில் இருக்கிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாள்முதலாக, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்கிய குடும்பங்களை ஒரு பெண்ணின் பொறுப்பில் ஒப்படைக்கும் முறையை இலங்கை விடாமல் வளர்த்துவந்தது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். ஜனங்கள் மருத்துவமாது என்றே சொல்லுகிறார்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட பகுதிக்கு ஒருவர். அந்தப் பகுதியிலுள்ள தம்பதியர் யாவரும் அவருடைய பதிவேட்டில் இருப்பார்கள். பிரசவித்து வீடு வந்த பெண்ணை முதல் பத்து நாட்களுக்குள் இருமுறையும், நாற்பத்திரண்டாம் நாளையொட்டி மீண்டும் அவர் போய்ப் பார்ப்பது விதி.

அவர் வாசலில் கேட்கும் கேள்விகளே இம்முறையின் நிபந்தனைகள். பிள்ளை இராத்திரியிலும் பால் குடிக்கிறதா? தண்ணீர் கொடுக்கிறீர்களா? மாதச் சுகயீனம் திரும்பிவிட்டதா? இந்தக் கேள்விகளைக் கேட்கிறவர் அந்தத் தாயை அவளுடைய கல்யாணக் காலத்திலிருந்தே அறிந்தவராகவும், ஆறு மாதம் நிறையும்போது மறுபடியும் அந்தப் படலையைத் திறந்துகொண்டு வரப்போகிறவராகவும் இருப்பதனால், அரை மெய் முழு மெய்யாவதற்கு அங்கே ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது.

நம் மாநிலத்தில் அவருக்கு இணையானவர் கிராம சுகாதாரச் செவிலியர். நர்சம்மா என்று ஊர் அழைக்கும். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சமவெளிக்கான கணக்கு. அந்த ஒரே செவிலியர் கர்ப்பப் பதிவு, தடுப்பூசி, உதவித்தொகைக்கான சான்று, கணினியில் ஏற்றவேண்டிய விவரம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டியவர். இதைவிட ஆழமான காரணம் ஒன்று சரித்திரத்தில் இருக்கிறது. 1950களின் நடுவில், ஆர். ஏ. கோபாலசாமி சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலராயிருந்த காலத்தில், கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை இந்தியாவிலேயே முன்னதாகத் தொடங்கியது நம் ராஜ்யம். அன்றுமுதல் குடும்பக் கட்டுப்பாடு என்றால் 'ஆபரேஷன்' என்றே நம் பெண்களுக்கு அர்த்தமாகிவிட்டது. மேலே சொன்ன தேசிய ஆய்வில், மணமான தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். இயற்கை முறைகளையும் பழைய முறைகளையும் கைக்கொண்டவர்கள் 3 சதவீதம் அளவே. இரண்டாவது பிரசவத்தோடு முடித்துவிடலாம் என்ற திட்டத்தில், முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் நடுவிலுள்ள காலம் யாருடைய கவனத்துக்கும் உரியதாகவில்லை. சவலைப் பிள்ளை உண்டாவதோ அந்த நடுக்காலத்தில்தான். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே இருபத்துநான்கு மாதமாவது இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அதில் முதல் ஆறு மாதத்தைக் காசு செலவின்றித் தாயின் தேகமே காத்துக்கொடுக்கக்கூடியது.

இதனால் இலங்கையில் எல்லாம் செவ்வை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் ஒரு குறை உண்டு. அது நம்முடைய குறைக்கு நேர்மாறானது. பாதுகாப்பான நாட்களை நாட்காட்டியில் எண்ணி ஒழுகும் முறையிலும் அதைப் போன்ற பிற பழைய முறைகளிலும் இலங்கைத் தம்பதியருக்கு நெடுங்காலமாகவே பற்று அதிகம். 2016ஆம் ஆண்டு ஆய்விலும் மணமான பெண்களில் 11 சதவீதத்தினர் அளவுக்கு அவற்றையே நம்பியிருந்தார்கள். மாதந்தோறும் ஒழுங்காக விலக்காகிற பெண்ணுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பயன்படும். பால் கொடுக்கிறவளுக்கோ எண்ணத் தொடங்குவதற்கே ஒரு நாள் இல்லை. விலக்கு திரும்பிய பின்னும் முதல் சில சுற்றுகள் நீண்டும் குறுகியும் தாறுமாறாக வரும். பாலின் காவல் முடிந்த மறுநாளே நாட்காட்டியின் காவலுக்குள் புகுந்துவிடலாம் என்று நினைப்பது, ஒரு படகிலிருந்து கால் எடுத்து இன்னும் கரையை அணையாத மறு படகில் வைப்பதை ஒக்கும்.

நாட்காட்டிக் கணக்கின் பலவீனத்தை இந்தியா முன்பே கண்டது. கண்ட இடமோ பட்டோடு சம்பந்தமுள்ளது. ராஜகுமாரி அம்ருத் கௌர் மத்திய சுகாதார மந்திரியாயிருந்தபோது, செயற்கைச் சாதனங்களை விரும்பாத அவருடைய வேண்டுகோளின்பேரில், உலக சுகாதார நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் ஆபிரகாம் ஸ்டோன் என்ற மருத்துவரை அனுப்பிப் பாதுகாப்பான நாள் முறையைச் சோதித்துப் பார்த்தது. டில்லியின் லோதி காலனியும், பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்பெற்ற மைசூர் ராஜ்யத்து ராமநகரமும் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள். எழுத்தறியாத பெண்கள் நாட்களை எண்ணுவதற்காகப் பல நிற மணிகளைக் கோத்த மாலை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. கற்க விரும்பியவர்கள் பலர்; கடைசிவரை கடைப்பிடித்தவர்கள் மிகச் சிலர். மணியைத் தள்ளினால் போதும், அதுவே காக்கும் என்று தாயத்தைப்போல் நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பார்கள். கற்பித்தவர்கள் அதிலே நகைக்க இடம் கண்டார்கள். எனக்கு அதிலே தெரிவது, விளக்கம் சொல்லவேண்டியவர் மாலையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்பதே.

அதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் வகுத்த முறை, அதாவது கருப்பை வாயிலிருந்து கசியும் நீர் பிசுபிசுப்பாக இருக்கிறதா, முட்டையின் வெண்கருவைப்போல் வழவழப்பாக நீள்கிறதா என்று நாள்தோறும் கவனித்து முட்டை வெளிப்படும் காலத்தை அறியும் முறை, ஐந்து நாடுகளில் சோதிக்கப்பட்டது. இந்தியாவில் அதற்குரிய இடம் பெங்களூர். எழுத்தறியாதவர் உட்பட நூற்றுக்கு 93 பெண்கள் முதல் சுற்றிலேயே அந்த அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள். நம் பெண்களுக்குத் தம் தேகத்தை வாசிக்கும் அறிவு போதாது என்று சொல்லுகிறவர்களுக்கு இது தக்க விடை. ஆயினும் பால் கொடுக்கும் காலத்தில் அந்த அடையாளங்கள் வந்தும் மறைந்தும் குழப்பக்கூடியவை. பழகிய ஆசிரியையின் துணையின்றித் தனியே நம்புவதற்கு உரியவை அல்ல.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1961ஆம் ஆண்டு இந்திய மகப்பேறு நன்மைச் சட்டம், வேலைக்குத் திரும்பிய தாய் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இருமுறை பாலூட்ட இடைவேளை பெறலாம் என்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. இலங்கைச் சட்டமும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்காக இரண்டு இடைவேளை கொடுக்கிறது. விடுப்போ அரசு ஊழியருக்கு முழுச் சம்பளத்தில் 84 வேலை நாட்கள். எழுத்தளவில் நாம்தான் தாராளம். ஆனால் தன் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் ஆரணிப் பெண் எந்த முதலாளியிடம் போய் இந்த விடுப்பைக் கேட்பாள்? அவளுக்குக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு உதவித்தொகை ஒன்றே. தறியை நிறுத்திய நாட்களுக்கு அது ஓரளவு ஈடாகலாம். மலையகத்தின் நிலையையும் இங்கே நினைக்கவேண்டும். வட ஆற்காடு உட்பட நம் ஜில்லாக்களிலிருந்து போய்த் தேயிலைக் காட்டில் குடியேறியவர்களின் சந்ததியார், குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறிக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். பாலூட்ட இறங்கி வரும் நேரம் சட்டத்தில் இருந்தாலும், பறித்த கொழுந்தின் நிறையைக் கொண்டு சம்பளம் எண்ணப்படும்போது எத்தனை தாய் இறங்கி வருவாள்?

ஆரணியிலும் காலம் மாறுகிறது. தறியின் கூலி கட்டுப்படியாகாமல், விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் இளம்பெண்கள் பலர். அவர்கள் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் குழந்தைக்கு அமுது கிடைக்கும். தாய்க்குக் காவல் அதே அளவில் கிடைக்காது. வேலைக்குப் போய்ப் பால் பீய்ச்சி வைத்த தாய்மார்களைச் சிலி தேசத்தில் ஆராய்ந்தபோது, ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் கர்ப்பமுற்றது தெரிந்தது. வீட்டிலிருப்பவர்களுக்கு அது இரண்டுக்கும் குறைவு. தறியை விட்டுப் பஸ் ஏறும் பெண்ணுக்கு இந்த வித்தியாசத்தை ஒருவர் சொல்லியாகவேண்டும். பாலைக் குறைக்காத சாதனங்கள் இல்லாமல் இல்லை. உறையும், காப்பர்-டியும், லக்னோவில் கண்டுபிடிக்கப்பட்டு இன்று சாயா என்ற பெயரில் அரசு நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் மாத்திரையும் பால் கொடுக்கிறவளுக்கு ஏற்றவையே. ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான மாத்திரையை மட்டும் முதல் ஆறு மாதத்தில் தவிர்க்கவேண்டும்.

இரு நாட்டையும் ஒப்பிட்டு என் தீர்ப்பைக் கேட்டால், பாலூட்டலின் காவலைத் தாய்க்கு விளங்கவைப்பதில் இலங்கை நம்மைவிட முந்தி நிற்கிறது என்றும், அதற்குக் காரணம் வாசல் தேடி வரும் அந்த மருத்துவமாதுதான் என்றும் சொல்லுவேன். ஆரணிக்குத் தேவையானது புதிய மருந்தோ புதிய கட்டடமோ அல்ல. பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கு ஆறு மாதத்துக்குள் நான்கு முறை போய் மூன்று கேள்விகள் கேட்க ஒரு நர்சம்மாவுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்குமாறு அதிகாரத்திலுள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இதைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொள்ளலாம். பாவும் பட்டும் வாங்க அங்கே வராத குடும்பம் குறைவு.

அதுவரையில், இதைப் படிக்கும் தறி வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாவு வாங்கிய தேதியையும் சேலை அறுத்துக் கொடுக்கவேண்டிய தேதியையும் சுவரிலுள்ள காலண்டரில் குறித்து வைக்கிறீர்கள். அதே காலண்டரில், தூளியில் கிடக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் தேதியையும் ஒரு வட்டமிட்டுக் குறித்து வையுங்கள். அந்தத் தேதி வந்தாலும், அதற்கு முன் மருமகளுக்கு விலக்கு கண்டாலும், குழந்தைக்கு வேறு ஆகாரம் கொடுக்கத் தொடங்கினாலும், அந்த வாரமே அவளைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.